ஏழாம் வகுப்பில் விட்டுப்போன இரண்டு வருஷம்

புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகள் படிக்க உதவும் அமைப்புகள் இருக்கின்றன. டெல்லியில் 2004இல் தொடங்கிய கேன்கிட்ஸ் அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட உதவித்தொகைக்கு வரும் விண்ணப்பங்களைப் பொறுமையாகப் படிக்க ஆள் வேண்டும். நம் மேட்டூரில் அதற்கேற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களைத் தயங்கவைக்கும் சில பேச்சுகளைப் பார்ப்போம்.

“பிழைக்குமோ பிழைக்காதோ, அந்தப் பிள்ளையின் படிப்புக்கு எதற்குப் பணம்?”

இது பழைய பயம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு உருவாக்கிய மருந்தைக் கொடுத்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர். அந்த ஆய்வு 1948இல் வெளியானது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு 1960இலேயே வந்துவிட்டது. இன்று வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் குணமாகிறார்கள். நம் நாட்டிலும் மீண்டவர்கள் கல்லூரி வாசலில் நிற்கிறார்கள்.

“குணமாகிவிட்டதே, இனி மார்க்கை வைத்துக் கொடுத்தால் போதாதா?”

போதாது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

உங்கள் மேசைமேல் ஒரு விண்ணப்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கோணலாக இருக்கிறது. பிள்ளைக்குச் சிரத்தை இல்லை என்று தோன்றும். ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதித்து விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்யலாம். பேனா பிடிக்கவே சிரமப்படுத்தலாம். சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு மருந்து காதைப் பாதிக்கலாம்; கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு ஆசிரியர் சொல்வது பாதிதான் விழும். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் கவனமும் நினைவாற்றலும் குறையலாம். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையே இரண்டு, மூன்று வருஷம் நீளும். ஏழாம் வகுப்பில் அப்படி விழுந்த இடைவெளியைத் தாண்டி ஒரு பிள்ளை எடுத்த 62 சதவீத மார்க்கை நான் சாதாரண 62ஆகப் பார்க்க மாட்டேன்.

குடும்பக் கணக்கும் இப்படித்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவைத் தாங்கலாம். ஆனால் மேட்டூர் அணையில் வலை வீசிப் பிழைக்கும் அப்பா, பிள்ளையோடு மாதக்கணக்கில் சென்னையில் தங்கினால் பரிசல் கரையில் கவிழ்ந்தே கிடக்கும். அந்த நாள்களின் வருமான இழப்பும் வாங்கிய வட்டிக் கடனும் வருமானச் சான்றிதழில் தெரியாது. மாணவர் படிப்புக்கு உதவும் அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டத்தில் தன்னார்வலர்கள் மாணவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

“டாக்டர்தானே இதைப் படிக்க வேண்டும்?”

நோய் விவரத்தை மருத்துவமனைச் சான்று சொல்லிவிடும். எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம், விடுதி உண்டா என்பதை ஓர் ஆசிரியர் இன்னும் நன்றாகப் படிப்பார்.

“அழவைக்கிற கடிதத்துக்குத்தான் முதலிடம்.”

கூடாது. எழுதத் தெரிந்த பிள்ளை உருக்கமாக எழுதும். தெரியாத பிள்ளை நாலு வரியில் முடித்துவிடும். தேவை இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்து, இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிடுவதே நியாயம்.

இன்னொன்று, நம் ஊரில் கவனிக்க வேண்டியது. புற்றுநோய் தொற்றாது, ஆனாலும் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இடைஞ்சலாகும் என்று பல வீடுகளில் மறைக்கிறார்கள். படித்த விண்ணப்பத்தைப் பற்றி டீக்கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். தெரிந்த குடும்பத்தின் பெயர் கண்ணில் பட்டால், அந்தத் தாளை மூடி வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.