பெரணி மண்டிய சரிவில் மாடு மேய்ப்பவர்களுக்கு

நீலகிரியில் சாலைச் சரிவு, தோட்டத்து ஓரம், தீப்பிடித்து ஓய்ந்த புல்வெளி என்று பல இடங்களில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பெரணி மண்டிக் கிடக்கும். தாவரவியல்காரர்கள் அதை பிராக்கன் என்பார்கள். தின்ற மாடு அன்றே சாய்வதில்லை என்பதால் பலர் அதை விஷச்செடியாகவே எண்ணுவதில்லை. 1983இல் பிரித்தெடுக்கப்பட்ட டாக்விலோசைடு என்ற நஞ்சு இதில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் மாட்டின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் கிளம்பும். மலை மாடுகளுக்கு வரும் ரத்த மூத்திர நோயின் முக்கியக் காரணம் இதுதான். கண்ணுக்கு ரத்தம் தெரியும் கட்டத்தில் வைத்தியம் பெரிதாகக் கைகொடுக்காது. செய்ய வேண்டியதை எல்லாம் முன்னாலேயே செய்தாக வேண்டும்.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள். மலையில் பெரணி வகைகள் ஏராளம், எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவது வீண் வேலை. பிராக்கன் ஒரே தூரிலிருந்து கொத்தாகக் கிளம்பாது. மண்ணுக்கடியில் கிழங்குபோன்ற தண்டு ஓடும். அதிலிருந்து ஒவ்வோர் இலையும் தனித்தனியாக மேலே வரும். காம்பு விறைப்பாக இருக்கும், இலை முக்கோணமாக விரிந்து பலமுறை பிளவுபடும். முதிர்ந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். வித்துத்தூள் புள்ளிகளாக இல்லாமல், மடிந்த விளிம்பை ஒட்டிக் கோடாக இருந்தால் அதுவேதான்.

அடுத்தது மேய்ச்சல். நல்ல புல் இருக்கும்போது மாடு இதைச் சீண்டாது. பனி கருக்கிய மாதங்களிலும் கோடையிலும் பசி தாங்காமல் கடிக்கும், சிலது ருசி கண்டுவிடும். எனவே வெறும் வயிற்றோடு ஓட்டிவிடாதீர்கள். தொழுவத்திலேயே வைக்கோலோ தீவனப்புல்லோ போட்டுவிட்டு அவிழ்த்துவிடுங்கள். சுருண்டு நிற்கும் இளங்குருத்தில்தான் நஞ்சு அதிகம். தீ வைத்தால் செடி ஒழியும் என்ற நம்பிக்கை மலையில் இன்னும் இருக்கிறது. அடித்தண்டு நெருப்புக்குத் தப்பி, சாம்பலுக்கிடையே குருத்தாகத் தள்ளும். எரிந்த சரிவுதான் மிக ஆபத்தான மேய்ச்சல் நிலம். காய்ந்த பிறகும் நஞ்சு முழுதாகப் போவதில்லை. தொழுவத்தில் படுக்கைக்குப் பரப்பாதீர்கள், புல்லுக்கட்டில் கலந்து வந்தால் பொறுக்கி எறியுங்கள்.

மூத்திரம் சிவந்து கண்டால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசைக்காமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தக்கசிவு. படியாமல் காப்பி நிறத்திலேயே நின்று, காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து உண்டு. எதுவானாலும் அந்தப் பாட்டிலோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்களில் நிறையத் தின்ற மாட்டுக்கு வேறு விதமாக வரும். எலும்பு மஜ்ஜை நலிந்து கடும் காய்ச்சல், மூக்கிலும் சாணியிலும் ரத்தம். பெரணியிலிருந்து விலக்கி இரண்டு வாரம் கழிந்தும் இது தலைகாட்டலாம். குதிரை தின்றால் கதை வேறு. அதன் உடலிலுள்ள தயமின் சத்து அழிந்து கால் தள்ளாடும். சீக்கிரம் கவனித்தால் தயமின் ஊசியில் தேறிவிடும்.

நஞ்சு பாலிலும் இறங்கும். பெரணி தின்னும் மாட்டின் பாலை வீட்டுக் குழந்தைக்கென்று தனியாக ஒதுக்கிக் கொடுக்காதீர்கள். ஜப்பானில் இளங்குருத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்துச் சமைக்கிறார்கள். அந்தப் பக்குவத்தில் நஞ்சு வெகுவாகக் குறையும், அற்றுப்போகாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1987இல் இந்தப் பெரணியை மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்தது. கீரை என்று பறிக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

கடைசியாக, ஒழிப்பது. சொந்த நிலமென்றால் இலை முழுதாக விரிந்ததும் அடியோடு வெட்டுங்கள், மறுபடி தழைத்து விரிந்ததும் இன்னொரு முறை. கிழங்கின் சேமிப்பு தீர வேண்டும், அதற்குச் சில ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும். வித்துத்தூள் பறக்கும் பருவத்தில் வெட்டினால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய தழையை மாடு எட்டாத இடத்தில், ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளிக் குவியுங்கள். மழையில் அந்த நஞ்சு எளிதில் கரைந்து ஓடும். வன நிலத்தை ஒட்டிய சரிவானால் அரிவாளை எடுக்குமுன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.