முற்றிக்கைக்குள் வாங்கின நிலம்

வேதபாடம்: எரேமியா 28, 29, 32 அதிகாரங்கள்
(வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கவும்)



புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கம் நமக்குள் உண்டு. கண்ணை மூடி ஜெபித்து, கையை நீட்டி ஒன்றை எடுப்போம். அதில் எரேமியா 29:11 வந்துவிட்டால் எவ்வளவு சந்தோஷம்! நம்மைக் குறித்து தேவனுடைய மனதில் இருப்பது கேடு அல்ல, நன்மையே; நமக்கு ஒரு நல்ல முடிவு உண்டு என்று சொல்லுகிற வசனம் அது. வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோ கண்ணாடியில் செருகி வைப்போம்.

பிப்ரவரியில் வேலை போய்விடுகிறது. ஏப்ரலில் ஆஸ்பத்திரிச் செலவு. ஜூனில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட நகை அடகுக் கடைக்குப் போகிறது. அட்டை மட்டும் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. "என்ன பாஸ்டர், வசனம் இப்படிச் சொல்லுது, என் வீட்டுல மட்டும் ஏன் இப்படி நடக்குது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு, பின்னால் சுவரோரம் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போகிறவர்கள் அதைவிட அதிகம்.

இந்தப் பாடம் அவர்களுக்காக.

1. அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது?

சௌக்கியமாக இருந்தவர்களுக்கு அல்ல. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமுக்கு வந்து, எகொனியா ராஜாவையும், அவனுடைய தாயையும், பிரபுக்களையும், தச்சர் கொல்லர் ஆகிய தொழிலாளிகளையும் சிறைப்பிடித்துக்கொண்டு போனான் (2 இராஜாக்கள் 24:12-16). அங்கிருந்து எருசலேமுக்கு வருவது லேசான பிரயாணம் அல்ல. பிற்காலத்தில் எஸ்றா அந்த வழியாய் வந்துசேர நான்கு மாதம் ஆயிற்று (எஸ்றா 7:9). வீடு போயிற்று, வயல் போயிற்று, தேவாலயம் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

அந்த ஜனத்துக்குத்தான் எரேமியா எருசலேமிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ராஜா பாபிலோனுக்கு அனுப்பின தூதர்கள் கையில் அதைக் கொடுத்தனுப்பினார். நாம் அட்டையில் வாசிக்கிற 11-ம் வசனம் அந்தக் கடிதத்தின் நடுவில் வருகிறது. ஆனால் அதற்கு முந்தின 10-ம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அதில் என்ன இருக்கிறது? பாபிலோனுக்கு எழுபது வருஷம் நிறைவேறின பிறகே கர்த்தர் அவர்களைச் சந்தித்து, திரும்பக் கொண்டுவருவார் என்று இருக்கிறது.

எழுபது வருஷம்! அதை வாசித்த பெரியவர்களில் அநேகருக்கு, தாங்கள் இனி ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்பது அன்றைக்கே புரிந்திருக்கும். பிரியமானவர்களே, 10-ம் வசனத்தை மறைத்துவிட்டு 11-ம் வசனத்தைப் பிடித்துக்கொண்டால் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவோம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நிலைத்து நிற்போம்.

2. இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

எரேமியா சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை. அப்பொழுது அனனியா என்ற ஒருவன் எழும்பினான். ஆலயத்தில், ஆசாரியர்களுக்கும் ஜனங்களுக்கும் முன்பாக நின்று, "இரண்டே வருஷம்! போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள், ஆலயத்தின் பாத்திரங்களும் வந்து சேரும்" என்கிற விதமாய்க் கர்த்தருடைய நாமத்திலே சொன்னான் (28:1-4). கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிப்பாய் இருந்திருக்கும்!

எரேமியா என்ன செய்தார் பாருங்கள். சண்டைக்குப் போகவில்லை. "ஆமென்" என்றார், கர்த்தர் அப்படியே செய்தால் நல்லது என்றார் (28:6). அவருக்கும் ஜனங்கள் சீக்கிரம் வரவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசை வேறு, கர்த்தருடைய வார்த்தை வேறு. அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்துப் போட்டான். மரநுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இருப்புநுகம் வரும் என்று கர்த்தர் பதில் சொன்னார். ஐந்தாம் மாதத்தில் தீர்க்கதரிசனம் சொன்ன அனனியா, அதே வருஷம் ஏழாம் மாதத்தில் மரித்துப்போனான் (28:1, 17).

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வீடு ஞாபகத்துக்கு வரும். பல வருஷங்களுக்கு முன், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு சகோதரருக்காக ஜெபிக்கப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவருடைய மனைவியின் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. ஜெபத்தின் முடிவில், "மூன்று மாதத்தில் எழும்பி நடந்து சபைக்கு வருவார் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மூன்று மாதம் போயிற்று, ஒரு வருஷமும் போயிற்று. அவர் எழும்பவில்லை. நான் வெட்கப்பட்டு அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன். ஒரு நாள் ஜெபத்தில் ஆவியானவர் என்னைக் கடிந்துகொண்டபோது எழுந்து போய், "அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க" என்றேன். அந்தச் சகோதரி, "எனக்கு அப்பவே தெரியும் ஐயா. எங்க அழுகையைப் பார்க்க முடியாம சொல்லிட்டீங்க. நீங்க வராட்டியும் ஆண்டவர் வந்துட்டுத்தான் இருந்தார். தினமும் சாயங்காலம் அவருக்கு ஒரு சங்கீதம் வாசிக்கிறேன், கண்ணைத் திறந்து கேக்கிறார்" என்றார்கள்.

கர்த்தர் இன்றைக்கும் சுகமாக்குகிறவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அற்புதங்களைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் தேதி குறிக்கிற அதிகாரத்தைப் பிதாவானவர் தம்முடைய கையிலேயே வைத்திருக்கிறார் (அப்போஸ்தலர் 1:7). தேதியின்மேல் வைக்கிற நம்பிக்கை, தேதி கடந்ததும் செத்துப்போகும். கர்த்தர்மேல் வைக்கிற நம்பிக்கைக்குக் காலக்கெடு இல்லை.

3. காத்திருக்கிற நாட்களில் என்ன செய்வது?

எழுபது வருஷம் என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டு உட்காருங்கள் என்று கர்த்தர் சொல்லவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்றார். இன்னும் ஒருபடி மேலே போய், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றார் (29:5-7).

அந்நிய தேசத்து மண்ணில் தோட்டம் போடுவது லேசு அல்ல. "நல்ல காலம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லத்தான் மனது வரும். கடன் தீரட்டும், அப்புறம் குடும்ப ஜெபம். வியாதி தீரட்டும், அப்புறம் ஊழியம் என்று தள்ளிப்போடுகிறோம். கர்த்தரோ, இருக்கிற இடத்தில் விதை போடு என்கிறார். பிரச்சனை தீருகிற வரைக்கும் உன் ஜீவியத்தை நிறுத்தி வைக்காதே.

4. காவற்சாலையில் ஒரு கிரயப் பத்திரம்

பிறருக்கு எழுதுவது எளிது. எழுதினவர் தாமே அதைச் செய்தாரா? செய்தார். சில வருஷங்கள் கழித்து, சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷத்தில், பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருந்தது. பட்டணத்துக்குள் பஞ்சமும் கொள்ளைநோயும் இருந்தன. எரேமியாவோ ராஜாவின் அரமனைக் காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தார் (32:1-2).

அப்பொழுது அவருடைய தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, "ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள்" என்றான். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். எருசலேமிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரம். சுற்றிலும் சத்துருவின் பாளயம். நாளைக்கு யாருடைய கையில் இருக்கும் என்று தெரியாத நிலத்தை எந்தப் புத்தியுள்ளவன் வாங்குவான்? நம்ம ஊரில் ஒருவர் இப்படி வாங்கினால், "பணத்தைக் கிணத்துல போட்டுட்டார்" என்றுதான் சொல்லுவோம்.

ஆனால் அவன் வருவான் என்று கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தார். ஆகையால் எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளி. நம்முடைய கணக்கில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காரியத்தை அரைகுறையாய்ச் செய்யவில்லை. பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளை வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் நேரியாவின் குமாரனாகிய பாருக்கினிடத்தில், அங்கே இருந்த யூதர் எல்லாருடைய கண்களுக்கும் முன்பாகக் கொடுத்து, வெகுகாலம் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (32:9-14).

ஏன் மண்பாண்டம்? அந்தத் தேசத்தில் பத்திரங்களைப் பாதுகாக்க அதுவே வழி. சவக்கடலோரம் கும்ரான் குகையில் 1947-ல் கண்டெடுக்கப்பட்ட பழைய வேதச் சுருள்களும் மண்ஜாடியில்தான் இருந்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் தாங்கின! நாளைக்கே நிலம் கைக்கு வரும் என்று எரேமியா நினைக்கவில்லை. வெகுநாள் ஆகும் என்று தெரிந்துதான் வாங்கினார். நம்பிக்கை என்பது இதுதான் பிரியமானவர்களே. நன்றாக இருக்கும்போது பாட்டுப் பாடுவது மாத்திரம் அல்ல; ஒன்றும் மாறாத நேரத்தில் கர்த்தருடைய வார்த்தைக்காகக் கையிலிருக்கிற வெள்ளியை நிறுத்துக் கொடுப்பது.

5. வாங்கின பிறகு வந்த கேள்வி

பத்திரத்தைக் கொடுத்துவிட்டு எரேமியா ஜெபம்பண்ணினார். உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார் (32:17). முடிவில் மனதிலிருந்ததைக் கொட்டிவிட்டார்: "ஆண்டவரே, இதோ கொத்தளங்கள் எழும்பிவிட்டன, பட்டணம் விழப்போகிறது, இந்த நேரத்தில் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே!" என்கிற அர்த்தத்தில் பேசினார் (32:24-25).

சந்தேகம் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று சிலர் பயப்படுகிறார்கள். இல்லை. எரேமியா கீழ்ப்படிந்தார், பிறகு கேட்டார். கர்த்தர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. தம்மால் கூடாத காரியம் உண்டோ என்று திருப்பிக் கேட்டு (32:27), இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும், பத்திரங்கள் எழுதப்படும் என்று உறுதி கொடுத்தார் (32:43-44). உங்கள் கேள்வியை ஊரெல்லாம் சொல்லித் திரியாமல், முழங்காலில் நின்று கர்த்தரிடத்தில் சொல்லுங்கள். அவர் தாங்குவார்.

6. அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று?

சுமார் கி.மு. 586-ல் பட்டணம் விழுந்தது. ஆலயம் எரிந்தது. எரேமியாவை அவருடைய ஜனங்களே எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் (43:5-7). அவர் ஆனதோத்துக்குத் திரும்பிப் போனதாக வேதத்தில் இல்லை. தாம் வாங்கின நிலத்தில் அவர் ஏர் பூட்டினதாகவும் இல்லை.

அதோடு முடிந்துவிட்டதா? இல்லை! வருஷங்கள் கழித்து, பாபிலோனில் வயதான தானியேல் எரேமியாவின் வார்த்தைகளை வாசித்தார். எழுபது வருஷம் என்ற கணக்கு கண்ணில் பட்டது. உடனே உபவாசத்தோடும் சாம்பலோடும் ஜெபிக்க உட்கார்ந்துவிட்டார் (தானியேல் 9:2-3). எரேமியா எழுதிவைத்தது தானியேலை முழங்காலில் நிறுத்திற்று. வேதம் கஷ்டகாலத்தில் நமக்குச் செய்கிறதும் இதுதான். முன்பு எழுதப்பட்டவை நமக்கு நம்பிக்கை உண்டாகும்படி எழுதப்பட்டன என்று பவுல் போதிக்கிறார் (ரோமர் 15:4).

கி.மு. 539-ல் பாபிலோன் விழுந்தது. பெர்சியா ராஜாவாகிய கோரேஸ் யூதர்களைத் திரும்பிப் போக விட்டான். திரும்பி வந்தவர்களின் பட்டியல் எஸ்றா 2-ம் அதிகாரத்தில் இருக்கிறது. வெறும் பெயர்களும் எண்களும்தானே என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரம். தயவுசெய்து 23-ம் வசனத்தில் விரலை வையுங்கள். ஆனதோத்தூர் மனுஷர் 128 பேர்! பத்திரம் எழுதின ஊருக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அல்லேலூயா!

எரேமியா அதைக் காணவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தையும் தரையில் விழவில்லை.

தேவபிள்ளையே, உன் பீரோ கண்ணாடியில் இருக்கிற அட்டையைக் கிழித்துப்போடாதே. அது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசி. இன்றைக்கு உன் வீட்டில் நிறுத்திப்போட்ட குடும்ப ஜெபத்தை மறுபடியும் தொடங்கு. பேசாமல் விட்ட சகோதரனிடத்தில் போய்ப் பேசு. உன் கையில் இருக்கிற பதினேழு சேக்கல் அதுதான்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கஷ்டம் எத்தனை நாள் என்று எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். பொய்யான ஆறுதலுக்கு எங்களை விலக்கிக் காத்தருளும். காத்திருக்கிற நாட்களில் விதைக்கக் கிருபை தாரும். நாங்கள் காணாவிட்டாலும் எங்கள் பிள்ளைகள் காணட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

வீட்டில் தியானிக்க:
1. எரேமியா 29:10, 11, 12, 13 வசனங்களை வரிசையாக வாசியுங்கள். வாக்குத்தத்தத்துக்குப் பின் கர்த்தர் நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன?
2. கர்த்தர் சொல்லாத தேதியை நீங்களே வைத்துக்கொண்டு சோர்ந்துபோன காரியம் உண்டா?
3. "அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் தள்ளி வைத்திருக்கிற கீழ்ப்படிதல் எது?