பால்கோவா கடாய் கழுவிய நீரில் பிளாஸ்டிக் வருமா?

கேள்வி: பால்கோவா கிண்டிய கடாயைக் கழுவும் நீரில் பாலும் சர்க்கரையும் கரைந்து வீணாகப் போகின்றன. அதில் கொஞ்சம் யூரியாவும் போட்டுப் பாக்டீரியா வளர்த்தால் மக்கும் பிளாஸ்டிக் நிறையக் கிடைக்குமா? (கல்லூரி மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: பாக்டீரியா நிறையக் கிடைக்கும், பிளாஸ்டிக் கிடைப்பதுதான் சந்தேகம். கெடுப்பது நீங்கள் ஆசையாகச் சேர்க்கும் யூரியாதான்.

உரம் போட்டால் விளைச்சல் கூடும் என்பது வயலுக்குச் சரி. இங்கே விளைய வேண்டியது பயிர் அல்ல, சேமிப்பு. பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாகப் பி.எச்.பி., என்பது பஞ்சகாலத்துக்கென்று பாக்டீரியா தன் செல்லுக்குள் உருண்டைகளாகச் சேர்த்து வைக்கும் பொருள். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் 1920களிலேயே பாசில்லஸ் மெகடேரியம் என்ற மண் பாக்டீரியாவில் இதைக் கண்டார்.

சர்க்கரையைச் செல் உடைத்தால் அசிட்டைல் கோஎன்சைம்-ஏ, அதாவது இரண்டு கார்பன் கொண்ட துண்டு, கிடைக்கும். நைட்ரஜன் இருக்கும்வரை அது புரதம் கட்டவும் செல் பெருகவும் செலவாகிவிடும். நைட்ரஜன் தீர்ந்தால் புரதம் கட்ட முடியாது. சர்க்கரை மட்டும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ராஜபாளையம் மில்லில் கரன்ட் போய்க் கதிர்கள் நின்றபின்னும் லாரி லாரியாகப் பஞ்சுப்பொதி வந்தால் என்ன ஆகும்? கிடங்கு நிறையும். அந்தக் கிடங்குச் சரக்குதான் உங்கள் பிளாஸ்டிக். நன்றாகச் சேர்க்கும் ரகங்களில் உலர் எடையில் 80 சதவீதம்வரை இதுவே இருக்கும்.

அதற்காக முதல் நாளிலிருந்தே பட்டினி போடாதீர்கள். சேர்த்து வைக்க ஆள் வேண்டுமே! முதலில் அளவாக அமோனியம் சல்பேட் கொடுத்துப் பெருகவிடுவார்கள். அது தீரும் நேரத்தில் சர்க்கரை மட்டும் தாராளமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். கார்பன்-நைட்ரஜன் விகிதம், அதாவது ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்ற கணக்கு, பெரும்பாலும் 20க்கு மேல் வைக்கப்படுகிறது. சரியான எண் ரகத்துக்கு ரகம் மாறும்.

இனி உங்கள் கடாய்க்கு வருவோம். பால் புரதத்திலேயே நைட்ரஜன் இருக்கிறது. யூரியாவுக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொரு சிக்கல்: ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான குப்ரியாவிடஸ் நெகேட்டர் இயல்பாகப் பால் சர்க்கரையையும் தின்னாது, கரும்புச் சர்க்கரையையும் தின்னாது. மெகடேரியம் அவ்வளவு பிகு பண்ணாது. கரும்புச் சர்க்கரையைத் தின்னும், பால் புரதத்தையும் உடைக்கும். ஆகவே கழுவிய நீரைப் பெருக்கும் கட்டத்துக்கு வைத்துக்கொண்டு, சேர்க்கும் கட்டத்தில் கரும்பாலைக் கழிவுப்பாகை ஊற்றிப் பாருங்கள் என்பது என் யோசனை.

சேர்ந்ததா என்று அறிய சூடான் பிளாக் சாயம் போதும். கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, சாஃப்ரனினும் தொட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்புச் செல்லுக்குள் கருநீலப் புள்ளிகள் தெரியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சர்க்கரை தீர்ந்த பிறகும் குடுவையை விட்டுவைத்தால், சேர்த்ததை அவையே எடுத்துத் தின்னத் தொடங்கிவிடும்.