பேய் எங்கே ஒளிந்திருக்கிறது?
(ஒரு திரைப்படம் – ஒரு பாடம்)



பேய்ப் படம் என்றாலே நமக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. நள்ளிரவு பன்னிரண்டு மணி, கரண்ட் கட், வெள்ளைப் புடவை, கால் கொலுசுச் சத்தம்! இவை எதையும் நம்பாமல் ஒருவர் பேய்ப் படம் எடுத்தார். அவர்தான் ஸ்டான்லி குப்ரிக். படம், 1980-ல் வெளிவந்த 'தி ஷைனிங்'.

விடுதியில் இதைப் போட்டுப் பார்த்தபோது, "டேய், பேய் எப்பதான்டா வரும்?" என்று பாதியிலேயே கேட்டார்கள். நல்ல கேள்வி! அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரை. அந்த விடையில் பாதி நம்ம பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கதைச் சுருக்கம்

அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஓவர்லுக் என்றொரு பெரிய ஓட்டல். குளிர்காலத்தில் பனி கொட்டிச் சாலை அடைபட்டுவிடும் என்பதால் ஓட்டலை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் பாய்லரை ஓட்டி, கட்டடத்தைப் பகுதி பகுதியாகச் சூடாக்கி, பழுது பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வருகிறான் ஜாக். ஆசிரியராக இருந்தவன், இப்போது எழுத்தாளனாக ஆசை. கூடவே மனைவி வெண்டி, சிறுவன் டேனி. நடக்கப் போவது டேனிக்கு முன்கூட்டியே தெரியும். முன்பு அங்கே வேலை பார்த்தவன் தன் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கொன்றவன் என்பதை, வேலைக்கு எடுக்கும்போதே மேலாளர் சொல்லிவிடுகிறார்!

இது ஸ்டீபன் கிங் 1977-ல் எழுதிய நாவல். கொலராடோவில் உள்ள ஸ்டான்லி ஓட்டலில் 1974-ல் தங்கியபோது அவருக்குத் தோன்றிய கதை. படத்தில் வெளியே தெரியும் கட்டடமோ ஆரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஹூட் மலையிலுள்ள டிம்பர்லைன் லாட்ஜ். உள்ளே தெரியும் அறைகள் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் போட்ட செட்டுகள்.

பயத்தின் தொழில்நுட்பம்

1. வெளிச்சம்: பெரும்பாலான பயங்கரங்கள் பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் நடக்கின்றன. ஓட்டலின் பெரிய கூடத்தில் ஜன்னல் வழியே வரும் "பகல் வெளிச்சம்" சூரியனே அல்ல. ஜன்னலுக்குப் பின்னால் 800-க்கும் மேற்பட்ட 1000 வாட் விளக்குகள்! மின்னியல் நண்பர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளவும்: 800 கிலோவாட்டுக்கு மேல். இருட்டில் பயந்தால் விளக்கைப் போடலாம். வெளிச்சத்திலேயே பயந்தால் என்ன செய்வது?

2. கேமரா: டேனி மூன்று சக்கர சைக்கிளில் நடைபாதைகளைச் சுற்றி வருவான். கேமரா தரையை ஒட்டியே அவன் பின்னால் போகும், ஆட்டமே இருக்காது. இது காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகாம். கேமராவின் எடையை ஸ்பிரிங் கை தாங்கிக்கொள்ளும். பேட்டரி முதலிய எடைகளைத் தண்டின் மறுமுனையில் தள்ளி வைப்பதால் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா கூடி, சட்டென்று திரும்பாது. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே விஷயம்தான்! சக்கரம் மரத்தரையில் கடகடவென்று ஓடும், கம்பளத்தில் ஏறியதும் சத்தம் நின்றுவிடும், மறுபடி கடகட. அடுத்த திருப்பத்தில் யார் நிற்பார்களோ என்று நம் நெஞ்சும் அதே கணக்கில் அடித்துக்கொள்ளும்.

3. பிளான்: அமைப்பியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. படத்தைப் பார்த்தபடியே ஓட்டலின் தரைத்தள வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். வராது! மேலாளர் அறைக்குப் பின்புறம் ஜன்னல், அதில் வெயில். ஆனால் ஜாக் நடந்து வந்த வழியைப் பார்த்தால், அந்த ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு நடைபாதை ஓடுகிறது. முதல் தடவை பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. ஆனாலும் 'ஏதோ சரியில்லை' என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும்.

பாய்லர் யார் கையில்?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். நாவலில் ஓட்டலின் பழைய பாய்லர் பெரிய பாத்திரம். அழுத்தத்தை அவ்வப்போது இறக்கிவிட வேண்டும். கடைசியில் ஜாக் அதை மறக்க, பாய்லர் வெடித்து ஓட்டலே அழிகிறது. படத்தில் அந்த வெடிப்பு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாய்லர் அறையில் நின்று வேலை பார்ப்பவள் வெண்டி! வெளியுலகத்தோடு ரேடியோவில் பேசுவதும் அவள்தான். சம்பளம் வாங்கும் ஜாக் ஒரு வேலையும் செய்வதாகப் படம் காட்டவே இல்லை. பந்தை எறிந்து விளையாடுகிறான். டைப்ரைட்டர் முன் உட்காருகிறான். அவன் அடித்து வைத்த தாள்களை வெண்டி புரட்டினால், தாள் தாளாக ஒரே வாக்கியம்!

ஓட்டலை மூடும்போது மதுவகைகளை எல்லாம் அகற்றிவிடுவது வழக்கம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியிருந்தும் ஜாக் பாரில் உட்கார்ந்ததும் அலமாரி நிறைய பாட்டில்கள், எதிரே பரிமாற ஒரு ஆள்! குடிபோதையில் மகனின் கையை இழுத்து மூட்டு விலக வைத்த பிறகு குடியை நிறுத்தியிருந்தவன் அவன். அவனிடம் முதலில் வரும் பேயே ஊற்றிக் கொடுக்கத்தான் வருகிறது.

ஆக, பேய் எங்கே? ஓட்டலிலும் இருக்கலாம். ஆனால் கோடாலியைத் தூக்கிக்கொண்டு கதவை உடைப்பது பேய் அல்ல, அப்பா. இரவில் அப்பாவின் செருப்புச் சத்தம் நேராக வருகிறதா, தள்ளாடி வருகிறதா என்று காது கொடுத்துப் படுத்திருந்த பிள்ளைகள் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் கருத்தில், உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படத்தைப் பார்த்து நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

முடிவு சொல்லும் பாடம்

கடைசியில் செடிவேலிகளால் ஆன புதிர்ப்பாதைக்குள், கொட்டும் பனியில், மகனைத் துரத்துகிறான் ஜாக். டேனி தன் காலடித் தடத்திலேயே பின்னோக்கி நடந்து, பக்கத்தில் ஒதுங்கி, தடத்தை அழித்துவிடுகிறான். தடம் முடிந்த இடத்தில் ஜாக் திகைத்து, வழி தெரியாமல் அலைந்து, உறைந்து போகிறான். டேனி தப்பியது எப்படி? மந்திரத்தால் அல்ல. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்து பழகியவன் அவன். இடத்தைத் தெரிந்து வைத்திருந்தவன் பிழைத்தான்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் அணைக்கட்டு, காற்றாலை, மலைமேல் பவர் ஹவுஸ் என்று ஆள் அரவமில்லாத இடங்களுக்கு வேலைக்குப் போவோம். அங்கே தனிமையும் இருக்கும், பாட்டிலும் தேடி வரும். கையில் ஒப்படைத்த வால்வை நேரத்துக்குத் திறங்கள். வீட்டுக்குப் போன் போடுங்கள். நம் காலடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வர வேண்டும்; கட்டிலுக்கு அடியில் ஒளியக் கூடாது.