மீண்டு வந்தோர் மனம்

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் அதன் முறையை முதியோர் இன்றும் கூறுவர். ஒருவர் கடலடியில் மூழ்கியிருக்கையில், அவரை மேலே இழுக்கும் கயிற்றைத் தோணியில் மற்றொருவர் பிடித்திருப்பார். பெரும்பாலும் மைத்துனரே அப்பணியில் இருப்பார் என்பர். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டோரைப் பற்றி எழுதப் புகுகையில் அக்கயிறே நம் நினைவிற்கு வருகிறது.

துறைமுகத்தில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்ற நம் உறவினர் ஒருவர், நிமோனியாவால் 11 நாள்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார். பிழைத்து இல்லம் வந்தபோது அனைவரும் மகிழ்ந்தோம். அவரோ உறங்கவில்லை, விளக்கை அணைக்க விடவில்லை, மனைவி பரிமாறிய உணவைத் தயங்கியே உண்டார். இரண்டு திங்கள் கழித்தே வாய் திறந்தார். தம்மைக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து, ஓயாமல் இரும்பை அடித்தனராம். மனைவி தம்மை அங்கே விட்டுச் சென்றுவிட்டாராம். பித்தன் என்பார்களோ என்றஞ்சி மறைத்திருக்கிறார். சுற்றத்தாருள் சிலர் மந்திரிக்கலாம் என்றனர்.

இது பித்தன்று. கடும் நோய், மயக்க மருந்து, உறக்கமின்மை, இரவு பகல் தெரியாத விளக்கொளி ஆகியவற்றால் அப்பிரிவில் பலர்க்கு அறிவு தடுமாறும். அப்போது கண்ட பொய்க்காட்சிகள் மெய்யினும் தெளிவாய் மனத்தில் தங்கிவிடும். பின்னர்த் தொடரும் அச்சம், சோர்வு, மறதி, உடல் தளர்ச்சி ஆகியவற்றை ஒருசேரக் குறிக்க, 2010இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள் ஒரு பொதுப்பெயர் வகுத்தனர். காத்திருந்த குடும்பத்தாரின் மனத்துயரையும் அதில் சேர்த்தனர். நம் இல்லத்துப் பெண்கள் இதனைக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

நினைவில் இடைவெளி இருப்பின் மனம் அதனைத் தானே இட்டு நிரப்பும் என ஆசிரியப் பயிற்சியில் கற்றோம். அவ்விடத்தில் மெய்யை வைப்பதற்காகவே டென்மார்க், சுவீடன், நார்வே நாட்டுச் செவிலியர் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தொடங்கினர். ஐரோப்பாவில் 352 பேரிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், குறிப்பேடு பெற்றோருள் 5 விழுக்காட்டினர்க்கும் பெறாதோருள் 13 விழுக்காட்டினர்க்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாய்த் தோன்றியது. 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வோ அத்தகைய பயனைக் காணவில்லை. மாணாக்கர்க்கு விடையின் ஒரு பாதியை மட்டும் சொல்லும் பழக்கம் நமக்கில்லை. ஆயினும் ஒரு நோட்டுப் புத்தகத்திற்குச் செலவு என்ன?

உறவினரின் மனைவி பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நாள்தோறும் எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் நாள்: "உள்ளே விட்டார்கள். கையைப் பிடித்திருந்தேன். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிறார்கள், ஓயாத இரும்புச் சத்தம்." இதனைப் படித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ அங்கேதான் இருந்தாயா?" என்றார்.

எழுதுவோர் தேதி, வந்தவர் பெயர், செய்த சிகிச்சை ஆகியவற்றை எளிய சொற்களில் குறித்தால் போதும். அவர் கேட்கும்வரை படித்துக் காட்ட வேண்டா. "பிழைத்துவிட்டீர்களே, இன்னும் என்ன?" என்ற சொல் மட்டும் வேண்டவே வேண்டா. அச்சமும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைக் காண வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்பிரிவு உண்டு. 2022இல் தொடங்கிய அரசின் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டாலோ ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

உறவினர் இப்போது விளக்கணைத்து உறங்குகிறார். அந்நோட்டு அவர் தலைமாட்டில் இருக்கிறது. ஏழாம் நாள் பக்கத்தை மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை, மனைவியும் வற்புறுத்தவில்லை.