கால் ஒடிந்த சிப்பிப்பாறை

கேள்வி: நாலுவழிச் சாலையில் பைக் மோதி, எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குப் பின்கால் ஒடிந்துவிட்டது. தனியாரில் பிளேட் வைக்கப் பெரிய தொகை கேட்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், கயத்தாறு

பதில்: முதலில் கோவில்பட்டி அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். எக்ஸ்ரே பார்க்காமல் பிளேட் பேச்சே வேண்டாம். முழங்காலுக்குக் கீழே நேரான முறிவு, நாயும் இளசு என்றால் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். தொடையெலும்பு என்றால் அறுவைதான். அதற்கு நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். தனியாரைவிடச் செலவு குறையும். சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. அதனால் சில மயக்கமருந்துகள் தெளிய நேரமாகும். மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

நீங்களே மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்தவோட்டம் நின்று கால் அழுகும். நம் வலி மாத்திரையும் கூடாது. டைக்ளோஃபெனாக் நாய்க்கு விஷம்தான்.