மோல்டு மாற்றும் நேரமும் கடன் வரம்பும்

பழவங்காடியிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் சாலைக் கடைத்தெரு. வாளி, குவளை, கூடை எனப் பிளாஸ்டிக் பொருள்கள் கடைவாசல்களில் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. இத்தகைய பொருள்களைச் செய்யும் சிறுதொழில் முனைவோர் வங்கிக்கு வரும்போது பெரும்பாலும் கேட்பது, ரொக்கக் கடன் வரம்பை உயர்த்தித் தர வேண்டும் என்பதே. ஈடாக வைக்க வீட்டுப் பத்திரத்தையும் கையோடு கொண்டு வருவர். நாங்களோ பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் கிடங்கைப் பார்க்க விரும்புவோம்.

கிடங்கு ஏன் நிரம்பி வழிகிறது? விற்பனைக் குறைவு மட்டுமே காரணம் அன்று. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் எந்திரத்தில் ஒரு மோல்டை இறக்கி வேறொன்றை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அவ்வளவு பாடுபட்டு ஏற்றியதை உடனே இறக்க யாருக்கு மனம் வரும்? பத்து நாள் ஒரே வாளிதான். மணிக்கு 60 வாளி, நாளுக்கு 20 மணி நேரம் என்றால் 12,000 வாளிகள். அடக்கவிலை ரூ.60 எனில் ரூ.7.20 லட்சம்.

மாற்றும் நேரத்தை 45 நிமிடமாகக் குறைத்தால், இரண்டரை நாளுக்கு ஒருமுறை மோல்டை மாற்றலாம். பத்து நாளில் நான்கு மாற்றங்கள். மொத்தம் அதே மூன்று மணி நேரம். எந்திர நேரம் ஒரு நிமிடமும் கூடுதலாக வீணாகவில்லை. ஆனால் ஒரு தடவையில் உருவாகும் சரக்கு 3,000 வாளி, அதாவது ரூ.1.80 லட்சம்தான். எஞ்சிய ரூ.5.40 லட்சம் வங்கி தரும் புதுக் கடன் அன்று, உங்கள் பணமே.

இது நடக்கக்கூடியதா? ஜப்பானின் டொயோட்டா ஆலையில் 1969-இல் 1,000 டன் பிரஸ்ஸில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் பிடித்தது. ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியாளரின் வழிகாட்டலில் அது தொண்ணூறு நிமிடமாகி, பின்னர் மூன்றே நிமிடமாயிற்று. நமக்கு மூன்று நிமிடம் வேண்டா. முக்கால் மணி போதும்.

அவர் கண்ட வழி எளியது. எந்திரம் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே செய்து முடிக்கக்கூடியது எது எனப் பிரிக்க வேண்டும். அடுத்த மோல்டைத் துடைத்து, எந்திரத்தருகே கொணர்ந்து, ஸ்பேனர், போல்ட், தண்ணீர்க் குழாய்களைத் தள்ளுவண்டியில் எடுத்து வைப்பது ஓடும்போதே ஆகவேண்டியது. எந்திரத்தை நிறுத்திவிட்டு ஸ்பேனரைத் தேடும் காட்சியை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். மோல்டுகளின் கிளாம்ப் தடிப்பை ஒரே அளவாக்கினால் போல்ட் மாற்றும் வேலை குறையும். நிறத்தை வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் ஓட்டினால், பேரலைச் சுத்தம் செய்யக் கழிக்கும் மூலப்பொருளும் மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. நெடுநாள் விற்காத சரக்கை எடுப்பு வரம்புக் கணக்கிலிருந்து வங்கி கழித்துவிடும். போன ஓணத்துக்குச் செய்த நிறம் இன்று கடன் தராது. வட்டி மட்டும் ஓடும்.

மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 மார்ச் மாதம் தொடங்கிய லீன் திட்டத்தில், ஆலோசகர் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. உத்யம் பதிவு பெற்ற உற்பத்தியாளர்கள் சேரலாம். அதற்கு முன், அடுத்த மோல்டு மாற்றத்தின்போது கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆன நிமிடத்தை ஒரு தாளில் எழுதுங்கள். வரம்பு உயர்வு கேட்டு வரும்போது சரக்கு அறிக்கையுடன் அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள்.